துவைக்கிற கல்லுக்குப் பின்னால் ஆறு குட்டி: வளர்க்கத் தெரிந்தவர்கள் கொஞ்சம் வாருங்கள்

வடசேரிக்காரன் (ஞாயிறு, இரவு 9.40)

ஊர் நாகர்கோவில். எங்கள் தெருவில் சுற்றுகிற செவலைப் பெட்டை நாய் முந்தாநாள் மழையில் எங்கள் வீட்டுப் பின்பக்கம், துவைக்கிற கல்லுக்கும் மதிலுக்கும் நடுவில் குட்டி போட்டுவிட்டது. மொத்தம் ஆறு. நாலு செவலை, ஒன்று கறுப்பு, ஒன்று வெள்ளையில் செம்புள்ளி. தண்ணீர் ஏற ஆரம்பித்ததால் வாழைப்பழ அட்டைப்பெட்டியில் அள்ளி கார் ஷெட்டுக்குள் கொண்டுவந்து வைத்தோம். தாயும் பின்னாலேயே வந்து படுத்துக்கொண்டது, ஒரு முறைப்புக்கூட இல்லை. தினமும் சாளைத்தலை போடுகிற வீடு என்ற மரியாதையாக இருக்கும்.

பிரச்சினை அந்த வெள்ளைப்புள்ளிதான். மற்றதில் பாதிதான் இருக்கிறது, முலையைப் பிடித்தால் அடுத்த நிமிடம் மற்றவை தள்ளிவிடுகின்றன, கத்திக்கொண்டே கிடக்கிறது. எதிர்வீட்டு அக்கா பசும்பாலில் தண்ணீர் கலந்து பாலாடையில் ஊற்று என்கிறார். மச்சான் செரலாக் என்கிறான். அம்மா, மனுஷன் கை பட்டால் தாய் ஒதுக்கிவிடும், தொடாதே என்கிறார். யார் சொல்வதைக் கேட்பது?

கம்பவுண்டர் தாத்தா (ஞாயிறு, இரவு 9.58)

தம்பி, கால்நடை மருந்தகத்தில் வேலை பார்த்து ரிட்டயர் ஆனவன் நான். பாலை அப்புறம் பார்ப்போம். முதலில் அந்தக் குட்டியின் வாய்க்குள் உன் சுண்டுவிரல் நுனியை வை. உள்ளே சூடாக இருக்கிறதா, ஜில்லென்று இருக்கிறதா? விரலைச் சப்புகிறதா? இதைச் சொல், மிச்சம் சொல்கிறேன். அதுவரை ஒரு சொட்டுப் பால்கூட ஊற்றாதே.

வடசேரிக்காரன் (ஞாயிறு, இரவு 10.06)

ஜில்லென்றுதான் இருக்கிறது தாத்தா. சப்புகிறது, ஆனால் பலமே இல்லை.

கம்பவுண்டர் தாத்தா (ஞாயிறு, இரவு 10.21)

அப்படியானால் பசி இரண்டாவது, குளிர்தான் முதல் எதிரி. பிறந்த குட்டிக்குத் தன் உடம்பைத் தானே சூடாக வைத்துக்கொள்ளத் தெரியாது, நடுங்கக்கூடத் தெரியாது. முதல் வாரத்தில் அதன் உடம்புச் சூடே 35, 36 டிகிரிதான். அதற்கும் கீழே போனால் குடல் வேலை செய்யாது. அந்த நேரத்தில் பாலை ஊற்றினால் செரிக்காமல் உள்ளேயே நின்று புளிக்கும், இல்லையென்றால் மூச்சுக்குழாய்க்குள் போய்விடும். குட்டி செத்ததற்குப் பால் பத்தவில்லை என்று சொல்வார்கள், உண்மையில் குளிர்ந்த குட்டிக்குப் பால் கொடுத்ததால் செத்திருக்கும்.

இப்போது செய்ய வேண்டியது: பிளாஸ்டிக் பாட்டிலில் சுடுதண்ணீர் ஊற்றி, இறுக மூடி, துண்டில் இரண்டு சுற்று சுற்றி பெட்டியின் ஒரு ஓரத்தில் மட்டும் வை. மறு ஓரம் சூடில்லாமல் இருக்க வேண்டும், புழுங்கினால் நகர்ந்து போக இடம் வேண்டும் அல்லவா. சின்னதை உன் சட்டைக்குள் வயிற்றோடு வைத்துக்கொள். மெதுவாக, ஒரு மணி, ஒன்றரை மணி நேரத்தில் சூடேறட்டும். ஹேர் டிரையர், நேரடி வெந்நீர் எல்லாம் வேண்டாம். ஒரு விரல் சர்க்கரைத் தண்ணீரை ஈறில் தடவு, ஊற்றாதே. வாய்க்குள் சூடு வந்து விரலை நன்றாகச் சப்பினால் தாயிடம் விடு. பின்பக்க முலைகளில் பால் அதிகம், அங்கே வை. மற்ற ஐந்தையும் கொஞ்ச நேரம் வேறு பெட்டியில் வைத்துவிட்டு இதை மட்டும் தனியாகக் குடிக்க விடு.

அம்மாவிடம் சொல், கை பட்டால் தாய் ஒதுக்காது. பழகின நாய் என்பதால் பயமில்லை. பழகாத நாய் என்றால் ஒதுக்குவதற்குப் பதில் உன் கையைக் கடிக்கும், அது வேறு விஷயம்.

ஊறுகாய்ப்பானை (ஞாயிறு, இரவு 11.15)

பசும்பால் விஷயத்தைத் தாத்தா விட்டுவிட்டார், நான் சொல்கிறேன். நாய்ப்பாலில் புரதமும் கொழுப்பும் பசும்பாலைவிட இரண்டு மடங்குக்கு மேல், பால்சர்க்கரை குறைவு. பசும்பாலே அதற்குத் தண்ணீர்ப்பால்தான், அதில் இன்னும் தண்ணீர் கலந்தால் வயிறு நிரம்பும், சத்து இருக்காது, கூடவே கழிச்சல். குட்டிகளுக்கென்று பால்பவுடர் டப்பா கடையில் கிடைக்கிறது, விலை கொஞ்சம் அதிகம்தான். நடுராத்திரியில் கிடைக்காது என்றால் ஒரு கப் முழுப்பாலில் மூன்று முட்டை மஞ்சள் கரு (வெள்ளை வேண்டாம்), ஒரு மேஜைக்கரண்டி சமையல் எண்ணெய், சிட்டிகை உப்பு, அடித்து வெதுவெதுப்பாக. இது ஒரு ராத்திரியை ஓட்டத்தான், இதிலேயே வளர்க்கலாம் என்று நினைக்காதீர்கள்.

கொடுக்கும்போது குழந்தையைப் போல மல்லாத்திப் பிடிக்கக் கூடாது. குப்புற, வயிறு கீழே, தலை லேசாகத் தூக்கி. பாலாடையில் ஊற்றினால் எவ்வளவு போகிறது என்றே தெரியாது, நுரையீரலுக்குப் போய்விடும். பாட்டில் நிப்பிள் அல்லது சிரிஞ்சில் சொட்டுச் சொட்டாக.

செரலாக் சொன்ன மச்சானிடம், பல் முளைத்த பிறகு வரச் சொல்லுங்கள்.

வடசேரிக்காரன் (திங்கள், காலை 6.10)

ராத்திரி முழுக்க சட்டைக்குள் வைத்திருந்தேன். ஒரு மணிக்கு மேல் சூடு வந்து, மீசையைப் பிடித்துச் சப்ப ஆரம்பித்தது. தாயிடம் விட்டேன், கடைசி முலையைப் பிடித்து முன்னங்காலால் மாறி மாறி அமுக்கிக்கொண்டு பத்து நிமிடம் விடாமல் குடித்தது. வீட்டம்மா அதற்குப் பொடிசு என்று பேர் வைத்துவிட்டாள். பேர் வைத்தாயிற்று என்றால் இனி எங்கே போகும், சொல்லுங்கள்.

ராஜை வெள்ளையன் (திங்கள், காலை 8.30)

ராஜபாளையத்தில் இரண்டு தலைமுறையாக நாய் வளர்க்கிற குடும்பம் எங்களுடையது. இரண்டு மூன்று விஷயம்.

தினமும் ஒரே நேரத்தில் எடை பாருங்கள். சமையல் தராசு போதும், மேலே ஒரு கிண்ணம். ஆரோக்கியமான குட்டி எட்டிலிருந்து பத்து நாளில் பிறந்த எடைக்கு இரட்டிப்பாகிவிடும். ஒரு நாள் ஏறாமல் நின்றால் கவனிக்க வேண்டும், இறங்கினால் அன்றைக்கே டாக்டர். கண்ணுக்குக் குண்டாகத் தெரிகிறது என்பதெல்லாம் கணக்கில்லை. நாலு செவலையையும் அடையாளம் வைக்க கழுத்தில் நூல் கட்டிவிடாதீர்கள், குட்டி வளர்கிற வேகத்தில் நூல் இறுகிவிடும். ஆளுக்கொரு காலில் ஒரு நகத்துக்கு நெயில் பாலிஷ் வையுங்கள்: முன் வலது, முன் இடது, பின் வலது, பின் இடது. நோட்டில் எழுதிக்கொள்ளலாம்.

அட்டைப்பெட்டி இரண்டு நாளில் நனைந்து போகும். பெரிய மரப்பெட்டி, இல்லையென்றால் ஷெட் மூலையில் மூன்று பக்கம் பலகை. உள்ளே சுவரை ஒட்டி நாலு அங்குலம் தள்ளி, தரையிலிருந்து நாலு அங்குல உயரத்தில் ஒரு பிவிசி குழாயைச் சுற்றிலும் கட்டுங்கள். தாய் சாயும்போது சுவருக்கும் அதன் முதுகுக்கும் நடுவில் மாட்டுகிற குட்டி அந்தக் குழாய்க்கு அடியில் தப்பித்துக்கொள்ளும். நாங்கள் இழக்கிற குட்டிகளில் நோயில் போவதைவிட இப்படி நசுங்கிப் போவதுதான் அதிகம்.

பல்பு போடுவதென்றால் 40 வாட் குண்டு பல்பு, ஒரு மூலையில், தாயின் வால் படாத உயரத்தில். குட்டிகள் குவியலாகத் தூங்கினால் குளிர்கிறது, ஆளுக்கொரு பக்கம் சிதறிக் கிடந்து கத்தினால் புழுங்குகிறது, பக்கத்தில் பக்கத்தில் தளர்வாகக் கிடந்து தூக்கத்தில் துள்ளினால் சரி.

மொட்டைமாடி (திங்கள், காலை 11.05)

எல்லாரும் கோபப்படுவீர்கள், இருந்தாலும் கேட்கிறேன். தெருநாய்த் தொல்லை என்று ஊரே கத்துகிறது, நீங்கள் ஆறைக் காப்பாற்றித் தெருவில் விடப்போகிறீர்கள். இயற்கையாக விட்டால் தாயே வளர்க்கும், தப்புவது தப்பும். இவ்வளவு மெனக்கெடுகிறவர்கள் ஒரு நல்ல சாதி நாய் வாங்கலாமே.

ஊறுகாய்ப்பானை (திங்கள், மதியம் 12.40)

தப்புவது தப்பும் என்கிறீர்களே, எவ்வளவு தப்பும் என்று ஐசர் கொல்கத்தா (மத்திய அரசின் அறிவியல் ஆராய்ச்சி நிறுவனம்) ஆய்வாளர்கள் எண்ணியே பார்த்திருக்கிறார்கள். 364 தெருக்குட்டிகளைத் தொடர்ந்து கவனித்து 2016-ல் வெளியிட்டார்கள், ஏழு மாதம் தாண்டியது 19 சதவீதம். செத்ததில் பாதிக்கு மேல் மனிதர்களால், வண்டி, அடி, விஷம், தூக்கிக்கொண்டு போவது. இதில் இயற்கை எங்கே இருக்கிறது?

ஆனால் உங்கள் கேள்வியில் பாதி நியாயம். காப்பாற்றித் தெருவில் விடுவதாக இருந்தால் நானே வேண்டாம் என்பேன். ஆறுக்கும் வீடு, தாய்க்கு ஆபரேஷன், இரண்டும் இல்லாமல் இந்த வேலை பாதி வேலை. வடசேரி அண்ணே, இதை இன்றைக்கே மனதில் போட்டுக்கொள்ளுங்கள்.

ராஜை வெள்ளையன் (திங்கள், மாலை 4.15)

சாதி நாய் பற்றி நானே சொல்கிறேன், என்னிடம் இருப்பதால். 2005 ஜனவரியில் இந்திய அஞ்சல்துறை வெளியிட்ட நாலு நாய்த் தபால்தலைகளில் எங்கள் ஊர் நாயும் ஒன்று, அந்தப் பெருமையை எல்லாரும் பேசுவோம். செவிட்டுக் குட்டி பிறப்பதை யாரும் பேசமாட்டோம். முழு வெள்ளைத் தோல், இளஞ்சிவப்பு மூக்கு வேண்டும் என்று தேடித்தேடிச் சேர்த்ததன் விலை அது. தோலுக்கு நிறம் கொடுக்கிற அதே வகை உயிரணு உட்காதுக்கும் தேவை, அது இல்லாவிட்டால் காது சில வாரத்தில் செத்துவிடும். செவலைத் தெருநாய்க்கு அந்தக் கவலை குறைவு. பொடிசு வெள்ளைப்புள்ளி என்பதால் மூன்றரை வாரத்துக்கு மேல் ஒருமுறை பார்த்துவிடுங்கள். தூங்கும்போது பின்னால் நின்று சாவிக்கொத்தை ஆட்டுங்கள். கை தட்டாதீர்கள், தரை அதிர்ந்தாலோ காற்று பட்டாலோ எழுந்துவிடும், காது கேட்டது என்று ஏமாந்துபோவீர்கள்.

பனங்கற்கண்டு (செவ்வாய், காலை 7.20)

அண்ணா, ஷெட்டில் எறும்பு இருக்கிறதா பாருங்கள். மழைக்குச் செவ்வெறும்பு கூட்டத்தோடு காய்ந்த இடம் தேடும், பால் வாசனைக்கு நேரே குட்டிமேல் ஏறும். கண்ணைச் சுற்றிக் கடித்து வீங்கின குட்டிகளை எங்கள் தெருவில் பார்த்திருக்கிறேன். எறும்பு சாக்பீஸ் போடாதீர்கள், அது பூச்சிக்கொல்லி, தாய் நக்கும், குட்டிக்குப் போகும். பெட்டியை நாலு செங்கல்மேல் ஏற்றி, செங்கலைத் தண்ணீர் ஊற்றிய தட்டில் வையுங்கள்.

வடசேரிக்காரன் (செவ்வாய், இரவு 8.50)

எறும்பு இருந்தது! புற்றே இருந்தது. செங்கல் வைத்தாயிற்று. இன்னொரு சந்தேகம், மருந்துக்கடைக்காரர் தாய்க்குக் கால்சியம் சிரப்பு கொடுத்துவிட்டார், பால் ஊறுமாம். கொடுக்கலாமா? சாப்பாடு கேட்டுக்கொண்டே இருக்கிறது, காலையில் போட்ட சோறு பத்து மணிக்கே காலி.

கம்பவுண்டர் தாத்தா (செவ்வாய், இரவு 9.30)

கேட்கத்தான் செய்யும். ஆறு குட்டிக்குப் பால் கொடுக்கிற நாய்க்கு மூன்றாவது, நாலாவது வாரத்தில் வழக்கமான தீனியைப்போல் மூன்று மடங்குகூட வேண்டியிருக்கும். ஒரு வேளை குண்டான் நிறையப் போடாமல் நாலு வேளையாகப் பிரி. சோறு குறைவு, கோழிக்கழுத்து, ஈரல், முட்டை, மீன் அதிகம். முள்ளை எடுத்துவிடு. வெங்காயம் பூண்டு போட்ட குழம்பு வேண்டாம். தண்ணீர்ப் பாத்திரம் எப்போதும் நிறைந்திருக்கட்டும், பால் என்பது பாதிக்கு மேல் தண்ணீர்தான். குட்டியை வளர்ப்பது என்றால் என்ன என்று நினைக்கிறாய்? முதல் மூன்று வாரம் தாயை வளர்ப்பதுதான். குட்டியின் மூத்திரம், மலத்தைக்கூடத் தாய் நக்கினால்தான் வரும்.

கால்சியத்தை டாக்டரைக் கேட்காமல் கொடுக்காதே. சினையாக இருக்கும்போது கால்சியம் ஊற்றினால் எலும்பிலிருந்து சுண்ணாம்பை எடுத்துக் கொடுக்கிற சுரப்பி சோம்பேறியாகிவிடும், பிறகு பால் பெருகும்போது ரத்தத்தில் திடீரென்று குறையும். பால் கொடுக்கும் காலத்தில் தேவைப்படலாம், அளவை நாயைப் பார்த்தவர் சொல்லட்டும்.

பனங்கற்கண்டு (செவ்வாய், இரவு 10.10)

தாத்தா சொல்கிற, ரத்தத்தில் கால்சியம் குறைகிற இந்த நோயை எங்கள் வீட்டில் பார்த்திருக்கிறோம். பொமரேனியன், அஞ்சு குட்டி, மூன்றாவது வாரம். காலையில் இருந்தே மூச்சு இரைத்தது, வெயில் என்று நினைத்தோம். குட்டிகளை விட்டு எழுந்து எழுந்து நடந்தது. சாயங்காலம் நடையே கட்டை கட்டையாக, முட்டி மடங்காமல் நடந்தது, முகத்துச் சதை துடித்தது, அப்புறம் சாய்ந்து வெட்டி வெட்டி இழுத்தது. ஆட்டோவில் தூக்கிக்கொண்டு ஓடினோம். டாக்டர் இதயத்தில் ஸ்டெதஸ்கோப்பை வைத்துக்கொண்டே நரம்பில் கால்சியத்தை மெதுவாக, ரொம்ப மெதுவாக ஏற்றினார். ஊசி முடிவதற்குள் வெட்டு நின்று, தலையைத் தூக்கி எங்களைப் பார்த்தது. ஒரு நாள் முழுக்கக் குட்டிகளை அதனிடம் விடக் கூடாது என்றார், புட்டிப்பால்தான். சின்ன சாதி நாய்களுக்குத்தான் அதிகம் வரும், ஆனாலும் மூச்சிரைப்பையும் நடுக்கத்தையும் பார்த்தால் காலையில் பார்க்கலாம் என்று இருக்காதீர்கள்.

கம்பவுண்டர் தாத்தா (செவ்வாய், இரவு 10.18)

சரியாகச் சொன்னாய் அம்மா. தினம் ஒருமுறை முலைகளையும் தடவிப் பார்க்கச் சொல். ஒன்று மட்டும் சிவந்து, சூடாக, கல்லாக இருந்தால் மடிவீக்கம். குட்டி நகத்தின் நுனியை மட்டும் வெட்டிவிடு, பாதி கீறல் குறையும்.

வடசேரிக்காரன் (அடுத்த மாதம் முதல் வாரம், வெள்ளி)

ரொம்ப நாளாக எழுதவில்லை, மன்னிக்கவும், ஆபீஸ் வேலை. ஆறும் உயிரோடு இருக்கின்றன. கண் திறந்து, நடக்க ஆரம்பித்து, ஷெட்டில் செருப்பு வைக்க முடியவில்லை. பொடிசு இன்னும் சின்னதுதான், ஆனால் அதுதான் முதலில் குரைத்தது, தன் குரலுக்குத் தானே பயந்து பின்னால் விழுந்தது. சாவிக்கொத்துக்குக் காதை ஆட்டிற்று, வெள்ளையன் அண்ணே.

இரண்டு விஷயம். ஒன்று, எல்லாவற்றுக்கும் வயிறு பானையாக இருக்கிறது, முதுகெலும்பு தெரிகிறது. இரண்டு, தாய் நேற்று சாப்பிட்டுவிட்டு வந்து குட்டிகள் முன்னால் எல்லாவற்றையும் கக்கியது, அவை அதை நக்கித் தின்றன. வீட்டம்மா அன்று சாப்பிடவே இல்லை. தாய்க்கு உடம்புக்கு ஏதாவதா?

கம்பவுண்டர் தாத்தா (வெள்ளி)

கக்கினது நோயில்லை, பால் மறக்கடிக்கிற சாப்பாடு அது. ஓநாய் காலத்துப் பழக்கம், தெருநாய் இன்னும் விடவில்லை. உன் குட்டிகள் திடச் சாப்பாட்டுக்குத் தயார் என்று தாயே சொல்கிறது.

வயிறு பானை என்றால் பூச்சி. தாயின் உடம்பில் உறங்குகிற நாக்குப்பூச்சி சினையின்போது விழித்து, கர்ப்பத்திலேயே குட்டிக்குப் போய்விடும், பிறகு பாலிலும் போகும். அதனால்தான் இரண்டாவது வாரத்திலேயே ஆரம்பித்து இரண்டு வாரத்துக்கு ஒருமுறை, எட்டு வாரம் வரை பூச்சி மருந்து. நீ ஒரு தவணை தாண்டிவிட்டாய், பரவாயில்லை, இன்றைக்குக் கொடு. பைரான்டெல் சிரப்பு, எடைக்கு இத்தனை மில்லி என்று டாக்டரிடம் எழுதி வாங்கு. பெரிய குட்டி அளவைப் பொடிசுக்குக் கொடுத்துவிடாதே. தாய்க்கும் சேர்த்துக் கொடு.

வடசேரிக்காரன் (ஞாயிறு)

கொடுத்தோம் தாத்தா. காலையில் வந்து பார்த்தால் தரையெல்லாம் வெந்த சேமியா கொட்டினதுபோல. கறுப்புக்குட்டி ஒன்றிடமிருந்து மட்டும் அவ்வளவு. இனி இந்த வீட்டில் பாயசம் இல்லை.

ஊறுகாய்ப்பானை (ஞாயிறு)

அண்ணே, அதை அப்படியே அள்ளி மூடிப்போடுங்கள், தோட்டத்தில் தள்ளாதீர்கள். அந்தப் பூச்சி முட்டை மண்ணில் இரண்டு மூன்று வாரம் கிடந்த பிறகுதான் தொற்றும் பருவத்துக்கு வரும், தினமும் அள்ளினால் அந்த அவகாசமே கிடைக்காது. மண்ணில் விளையாடி வாயில் கை வைக்கிற குழந்தை வயிற்றுக்குள் போனால் கண்வரைக்கும் போகக்கூடிய பூச்சி அது. கொஞ்சிவிட்டு வருகிற பிள்ளைகளுக்கு சோப்புப் போட்டுக் கை கழுவுவது கட்டாயம்.

கூடவே இன்னொன்று. குட்டிப் பல் ஊசி, விளையாட்டுக் கடிதான், ஆனால் ரத்தம் வந்தால் குட்டிதானே என்று விடாதீர்கள். தாய்க்குத் தடுப்பூசி போட்ட சரித்திரமே இல்லை. ஓடுகிற தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவிவிட்டு அரசு ஆஸ்பத்திரிக்குப் போய் ஊசி போட்டுக்கொள்ளுங்கள், காசு இல்லை. வெறிநோய் வந்த பிறகு பிழைக்க வழியில்லை.

ராஜை வெள்ளையன் (ஞாயிறு)

சாப்பாட்டுக்கு: கேழ்வரகுக் கூழ் தளர, அதில் வேகவைத்து மசித்த கோழி. தட்டையான தட்டு. முதல் நாள் அதில் நடப்பார்கள், படுப்பார்கள், தின்னமாட்டார்கள், தாய் வந்து அவர்களையே நக்கிச் சாப்பிட்டுவிடும். நாலாம் நாள் தட்டு பளபளவென்று இருக்கும். மச்சானுடைய செரலாக்கை இப்போது ஒரு ஸ்பூன் அனுமதிக்கலாம், ஆனால் அதிலேயே வளர்த்தால் குட்டி ஊதும், எலும்பு நிற்காது.

உண்ணிக்கு மாட்டு மருந்தைத் தண்ணீரில் கரைத்துக் குளிப்பாட்டுகிற வேலை வேண்டவே வேண்டாம். இந்த வயதில் இடுக்கியால் ஒவ்வொன்றாகப் பிடுங்கி சோப்புத் தண்ணீரில் போடுவதுதான் வழி. ஈறு வெளுத்திருந்தால் தெள்ளும் உண்ணியும் ரத்தத்தைக் குடித்துவிட்டது என்று அர்த்தம், டாக்டரிடம் ஓடுங்கள்.

தூத்துக்குடி மக்ரூன் (திங்கள்)

ஒரு மாதம் ஆகிவிட்டதே, இனி கொடுத்துவிடலாம். 30 நாளில் கொடுத்தால்தான் புது வீட்டில் ஒட்டும், லேட்டானால் தாயைத் தேடி ஊளையிடும். எங்கள் பக்கம் எல்லாரும் அப்படித்தான் வாங்குகிறோம். எனக்கே ஒரு கடுவன் வேண்டும்.

ராஜை வெள்ளையன் (திங்கள்)

தப்பு தம்பி. 30 நாள் குட்டி ஒட்டுவதுபோலத் தெரிவதற்குக் காரணம் அதற்கு வேறு யாரும் இல்லை என்பதுதான். அஞ்சாவது வாரத்திலிருந்து எட்டாவது வாரத்துக்குள்தான் கடியை எங்கே நிறுத்துவது என்று அது கற்றுக்கொள்கிறது. கூடப்பிறந்ததைப் பலமாகக் கடித்தால் அது கீச்சென்று கத்திவிட்டு விளையாட்டை நிறுத்திவிடும். தாயைக் கடித்தால் மூக்கால் ஒரு தள்ளு. இந்தப் பாடம் முடியாமல் வந்த குட்டி உன் பிள்ளையின் கையில்தான் படிக்கும். 2017-ல் வந்த மத்திய அரசின் நாய் இனப்பெருக்க விதிகளில் எட்டு வாரத்துக்குக் குறைந்த குட்டியை விற்கவே கூடாது. இவர் இலவசமாகக் கொடுக்கிறார், சட்டம் பொருந்துகிறதோ இல்லையோ, குட்டிக்கு அதே மூளைதானே.

தூத்துக்குடி மக்ரூன் (திங்கள்)

விற்கிறவர்களில் பாதிப்பேர் 35 நாள் குட்டியை 50 நாள் என்று சொல்லித்தான் விற்கிறார்கள் அண்ணே, உங்கள் ஊரிலும்தான்.

ராஜை வெள்ளையன் (திங்கள்)

விற்கிறார்கள். மறுக்கவில்லை. தின்கிற செலவை வாங்குகிறவன் தலையில் கட்டுவதற்காக. அதனால்தான் சொல்கிறேன், அந்த வியாபாரப் பழக்கத்தை ஏதோ ஞானம் மாதிரி நாம் எடுத்துக்கொள்ள வேண்டாம்.

பனங்கற்கண்டு (திங்கள்)

நடுவில் ஊசியை மறந்துவிடாதீர்கள். ஆறிலிருந்து எட்டு வாரத்துக்குள் பார்வோ, டிஸ்டெம்பர் என்கிற உயிர்க்கொல்லி நாய் நோய்களுக்கு முதல் ஊசி, பிறகு மூன்று நாலு வார இடைவெளியில் 16 வாரம் வரை. ஏன் இத்தனை முறை என்றால், தாய்ப்பாலில் வந்த எதிர்ப்புச் சக்தி உள்ளே இருக்கும்வரை ஊசியையே அது அடித்துவிடும், எந்தக் குட்டிக்கு எப்போது தீரும் என்று வெளியே தெரியாது. ஒரு ஊசி போட்டாயிற்று என்று தெருவில் இறக்கிவிட்டால் ரத்தக்கழிச்சல்தான். வெறிநோய் ஊசி மூன்று மாதத்தில்.

பார்வோ கிருமி மண்ணில் மாதக்கணக்கில் கிடக்கும், பினாயிலுக்குச் சாகாது. நோய்வாய்ப்பட்ட நாய் இருக்கிற வீட்டிலிருந்து குட்டி பார்க்க வருகிறவர்களை வாசலோடு நிறுத்துங்கள். தரையை முதலில் சோப்பால் கழுவிவிட்டு, ஒரு பங்கு ப்ளீச் 30 பங்கு தண்ணீரில் கலந்து ஊற்றிப் பத்து நிமிடம் விட்டு அலசுங்கள். குட்டிகளை அந்த நேரம் வேறு இடத்தில் வைத்து, காய்ந்த பிறகு விடுங்கள்.

வடசேரிக்காரன் (இன்று, காலை)

நிலவரம். முதல் ஊசி போட்டாயிற்று. இரண்டு கடுவனுக்கு ஆள் வந்துவிட்டது, ஒன்று மக்ரூன் தம்பிக்கு, எட்டு வாரம் முடிந்த பிறகு. மிச்சம் நாலும் பெட்டை, ஒருவரும் கேட்கவில்லை. வருகிறவர்கள் வாலைத் தூக்கிப் பார்த்துவிட்டு, பெட்டையா, வேண்டாம் சார் என்று கிளம்பிவிடுகிறார்கள். பொடிசு எங்கேயும் போகாது, அது முடிவாகிவிட்டது. மூன்றுக்கு என்ன வழி?

ஊறுகாய்ப்பானை (இன்று, காலை)

பெட்டை வேண்டாம் என்பவர்கள் பயப்படுவது நாய்க்கு இல்லை, அடுத்த ஆறு குட்டிக்கு. அதனால் போட்டோவுக்குக் கீழே ‘பெண்’ என்று மட்டும் போடாமல், ஆறு மாதத்தில் கருத்தடை ஆபரேஷனுக்கு நானே கூட்டிப்போகிறேன் என்று எழுதுங்கள். எங்கள் பக்கம் அப்படி எழுதியதும் கேட்பவர்கள் கூடினார்கள். வருகிறவரிடம் சும்மா பேச்சுக் கொடுத்துப் பாருங்கள்: சொந்த வீடா வாடகையா, பகலில் யார் இருப்பார்கள், முன்னால் வளர்த்த நாய் என்ன ஆயிற்று. கடைசிக் கேள்விக்கு வருகிற பதிலில் எல்லாம் தெரிந்துவிடும். தோட்டக் காவலுக்கு, சங்கிலியில் கட்டத்தான் என்பவரிடம் கொடுக்காதீர்கள். முடிந்தால் இரண்டு பெட்டையை அடுத்தடுத்த தெருவில் கொடுங்கள், நீங்கள் போய்ப் பார்க்க வசதி.

கம்பவுண்டர் தாத்தா (இன்று, மதியம்)

தாயை மறந்துவிட்டீர்களே எல்லாரும். பால் கொடுக்கிற நாய் சினைபிடிக்காது என்று ஊரில் ஒரு பேச்சு உண்டு, நம்பாதே. குட்டிகள் பால் மறந்து, மடி நன்றாக வற்றிய பிறகு இரண்டு மூன்று வாரம் விட்டு ஆபரேஷன் செய்யலாம். மடி வீங்கியிருக்கும்போது வெட்டினால் ரத்தம் அதிகம், தையலும் சரியாக நிற்காது. நகராட்சி, மாநகராட்சி கருத்தடை மையத்தில் இப்போதே சொல்லிவை, அங்கே எப்போதும் வரிசை. பிடிக்க வருகிறவர்களிடம் குட்டி போட்டு இத்தனை வாரம் என்று நீயே சொல், அவர்கள் கேட்கமாட்டார்கள். ஆபரேஷன் முடிந்தால் காதில் சின்னதாக ஒரு வெட்டு அடையாளம் இருக்கும், வெறிநோய் ஊசியும் போட்டுவிடுவார்கள். அதே தெருவில், அதே இடத்தில் திரும்ப விடவேண்டும் என்பது விதி.

மொட்டைமாடி (இன்று, மாலை 5.30)

அன்றைக்குக் கேட்டவன்தான். எங்கள் அபார்ட்மெண்டில் வாட்ச்மேன் ஒரு பெட்டை கேட்கிறார், கேட்டுக்குள்ளேயே இருக்கும், இரண்டு வீட்டில் சாப்பாடு போடுவோம், ஆபரேஷன் செலவு அசோசியேஷனில் பேசிவிட்டேன். திருநெல்வேலி. கொண்டுவந்து தர முடியுமா?

வடசேரிக்காரன் (இன்று, மாலை 6.05)

முடியும் சார். இரண்டாவது ஊசி போட்டுவிட்டு நானே வருகிறேன். செவலையா கறுப்பா?

மொட்டைமாடி (இன்று, மாலை 6.20)

கறுப்பு. அந்தச் சேமியாக் கதையை மட்டும் வாட்ச்மேனிடம் சொல்லிவிடாதீர்கள்.

தூத்துக்குடி மக்ரூன் (இன்று, இரவு 8.00)

தாத்தா, ஒரு சந்தேகம். அண்ணன் வீட்டில் பூச்சி மருந்து பாட்டில் திறந்தது மீதி இருக்குமே, அதையே குட்டியோடு வாங்கிக்கொண்டு வந்து நான் பிறகு கொடுக்கலாமா?

கம்பவுண்டர் தாத்தா (இன்று, இரவு 8.12)

வேண்டாம். அன்றைக்கு இருந்த எடைக்கு எழுதின அளவு அது, உன்னிடம் வரும்போது குட்டி இன்னும் வளர்ந்திருக்கும். அட்டையில் தேதியையும் மருந்துப் பெயரையும் அண்ணனிடம் எழுதி வாங்கிக்கொள், உன் ஊர் டாக்டரிடம் காட்டிப் புதிதாக வாங்கு.